சந்தூர் ஒட்டுக்கன்றுகள்: காய்த்த பிறகு எழுதும் மதிப்புரை

நாற்றுப்பண்ணை ஒன்றைப் பற்றி, கன்று வாங்கி வந்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரையால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. அந்த வாரத்தில் எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் இருக்கும்; எல்லாப் பையிலும் நாம் கேட்ட இரகத்தின் பெயர்தான் எழுதியிருக்கும். கன்று வேர் பிடித்து, கோடைகளைத் தாண்டி, பூத்துக் காய்த்து, அந்தப் பழத்தை அறுத்துத் தின்ற பிறகுதான் விற்றவர் சொன்னது சரியா என்பது தெரியவரும். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியை அடுத்த சந்தூரில் உள்ள ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நட்ட பழமரங்கள் ஏறக்குறைய எல்லாமே இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டன. ஆகவே இதை எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் பண்ணையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வேறு பண்ணைக்குப் போகிறவர்களுக்கும் எதைப் பார்த்து வாங்குவது என்பதில் இது உதவக்கூடும்.

மாங்கன்றுக்குச் சந்தூர் பெயர்பெற்ற ஊர். கிருஷ்ணகிரி வட்டாரம் முழுவதுமே மா விளையும் பகுதி என்பதாலும், தோத்தாபுரி என்ற மா இரகத்தை நம்பி இயங்கும் மாங்கூழ் ஆலைகள் இங்கே இருப்பதாலும், நாற்று விடுவதற்கு வேண்டிய மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. மாங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும் என்பதால், பழம் அறுத்த சூட்டோடு கொட்டையை விதைத்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் போனால், ஈரமான மண்பாத்திகளில் செம்பு நிற இலைகளோடு இளநாற்றுகள் வரிசையாக நிற்பதையும், அவற்றின் மேல் நல்ல இரகத்துத் தாய்மரத்தின் குச்சியைப் பொருத்தி ஒட்டுக் கட்டும் வேலை நடப்பதையும் நேரில் பார்க்கலாம். கன்று வாங்க நினைப்பவர்கள் எவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

நான் பார்த்தவரை, இந்தப் பண்ணையில் கை சுத்தமாக வேலை நடக்கிறது. தாய்மரத்திலிருந்து எடுக்க வேண்டிய குச்சியின் இலைகளை ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே கிள்ளிவிட்டு, நுனி மொட்டு பருத்து நிற்கும் நிலையில்தான் குச்சியை வெட்டுகிறார்கள். நாற்றின் தலையைச் சீவி நடுவில் ஒரு கீறு கீறி, குச்சியின் அடியை ஆப்பு வடிவில் இரு பக்கமும் ஒரே சீவாகச் சீவி, அந்தக் கீறலுக்குள் இறக்கி, பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுகிறார்கள். அங்கே வேலை செய்த பெண்மணி ஒருவர் ஒவ்வொரு குச்சியையும் நாற்றின் பக்கத்தில் வைத்துப் பருமன் பார்த்து, பொருந்தாததை ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் இரு பக்கத்துப் பட்டையும் சேரும்; ஒரு பக்கம் மட்டும் சேர்ந்த ஒட்டு, பின்னாளில் காய் பாரமோ காற்றோ தாங்காமல் அந்த இடத்திலேயே பிளந்துவிடக் கூடும். வாங்குகிறவரின் கண்ணில் சட்டெனப் படாத இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறைதான் எனக்குப் பண்ணையின் மீது நம்பிக்கை வரக் காரணம்.

இரண்டாவது காரணம் தாய்மரம். "இது எந்த மரத்துக் குச்சிங்க ஐயா?" என்று கேட்டபோது, உரிமையாளரான பெரியவர், "பின்னாடி தோப்புல நிக்குது, வந்து பாருங்க" என்று அழைத்துப்போய்க் காட்டினார். நான் வாங்கிய இமாம்பசந்த், செந்தூரா, நீலம் ஆகிய மூன்று மா இரகங்களுக்கும் காய்க்கிற மரங்கள் அங்கே இருந்தன. கேட்டதும் தாய்மரத்தைக் காட்ட முடிகிற பண்ணையிலும், "எல்லாம் ஒரிஜினல்தான் சார்" என்று வாயால் மட்டும் சொல்கிற பண்ணையிலும் ஒரே விலைக்குக் கன்று கிடைக்கலாம். கிடைக்கும் பொருள் ஒன்றாக இருக்காது. நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து குச்சி எடுக்கப்பட்டதா, காய்க்காமல் தழைத்து மட்டும் நிற்கும் மரத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பதே பிறகு நம் வீட்டு மரத்தின் காய்ப்பையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே இடம் எவ்வளவு, மதில் எந்தப் பக்கம், கழிவுநீர்த் தொட்டி எங்கே, மின்கம்பி மேலே போகிறதா என்று விசாரித்தார்கள். பலா ஒன்று வேண்டும் என்று சொன்னபோது, மதிலிலிருந்து போதிய தூரம் விட முடியாத இடத்தில் அதை நட வேண்டாம் என்று தடுத்தார்கள். வியாபாரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த யோசனைக்கு இன்றுவரை நன்றி உள்ளவனாக இருக்கிறேன். தோப்புகளில் மாவுக்கு வழக்கமாக விடும் 10 மீட்டர் இடைவெளி எந்த வீட்டு மனைக்கும் கட்டாது. அதனால் ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து, கை எட்டும் உயரத்தில் மரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி அனுப்பினார்கள்.

கன்றைத் தேர்ந்தெடுப்பதில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பண்ணையின் முன்வரிசையில், பெரிய பைகளில், ஆளுயரத்துக்கு வளர்ந்து, சில சமயம் ஓரிரு காய்களும் தொங்கும் கன்றுகள் நிற்கும். வருகிறவர்களின் கண் அவற்றின் மேல்தான் விழும், விலையும் பல மடங்கு. என் பரிந்துரை, பின்வரிசையில் இருக்கும் இரண்டடி உயரத்துச் சிறிய கன்று. பையில் பல ஆண்டுகள் நின்ற கன்றின் வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஓடி, குழியில் நட்ட பிறகும் அதே சுருளாகவே தடித்து நின்றுவிடும். பையின் அடியில் தடித்த வேர் துளையிட்டு மண்ணில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். அதைப் பிடுங்கி எடுக்கும்போதே ஆணிவேர் அறுந்திருக்கும். ஒட்டுப் பகுதியைச் சுற்றியுள்ள நாடா சதைக்குள் பதிந்து கழுத்தை நெரித்தது போல் இருக்கும் கன்றையும் தவிர்க்க வேண்டும். இந்தப் பண்ணையில் கேட்டால் ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டுகிறார்கள். நான் எடுத்த சிறிய மாங்கன்றுகளின் விலை கன்று ஒன்றுக்கு நூறு ரூபாயை ஒட்டியே இருந்தது. முன்வரிசைக் கன்றுகளுக்கு அதைப் போலப் பல மடங்கு கேட்டார்கள்.

நடவுக்கு அவர்கள் சொன்ன முறை சரியானது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையும் அதுதான். மாவுக்கு நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உள்ள குழி எடுத்து, சில நாட்கள் வெயில் பட ஆறவிட்டு, மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் பத்து கிலோ கலந்து நிரப்ப வேண்டும். எங்கள் மண் சரளை கலந்த செம்மண் என்பதால் குழி எடுக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. ஆனால் அந்தக் குழியின் அளவைக் குறைத்திருந்தால் இன்று மரங்கள் இப்படி நிற்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மக்காத எருவைப் போட்டால் கரையான் ஏறும். நடும்போது ஒட்டுப் பகுதி மண் மட்டத்துக்கு மேல் அரை அடியாவது இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் போய்விட்டால் அழுகல் வரலாம். ஒட்டுக்கு அடியில் இருக்கும் நாற்றான வேர்ச்செடியிலிருந்து வரும் தளிரும் எது என்று தெரியாமல் போய்விடும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரைக் கண்டவுடன் கிள்ளாமல் விட்டால், சில ஆண்டுகளில் செந்தூரா காய்ந்துபோய், பெயர் தெரியாத கொட்டைமா மட்டும் செழிப்பாக நிற்கும். முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூங்கொத்தைக் கிள்ளி எறியச் சொன்னார்கள். பூத்ததைக் கிள்ளக் கை வராது. ஆனாலும் மரம் காயைச் சுமக்கும் அளவுக்குத் தண்டு தடிக்க அது அவசியம்.

இனி, காய்த்ததைப் பற்றி. மூன்று மாவுமே சொன்ன இரகம்தான்.

செந்தூராதான் முதலில் வந்தது. காம்புப் பக்கத்துத் தோளில் சிவப்பு படர்ந்து, கால் கிலோவை ஒட்டிய எடையில், உள்ளே அடர்ந்த மஞ்சள் சதையோடு, பருவத்தின் தொடக்கத்திலேயே பழுக்கிறது. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு முதல் மரமாக இதையே சொல்வேன். பார்க்க அழகு, காய்ப்பும் தவறுவதில்லை. நீலம் கடைசியாக வருகிறது. பழம் சிறியது, மணம் அதிகம், ஆண்டுக்கு ஆண்டு விடாமல் காய்க்கிறது. நீலத்தில் ஒரே தொல்லை மாங்கொட்டை வண்டு. மேலே ஒரு துளையும் தெரியாது. அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுத்த வண்டு ஊர்ந்து வரும். பிஞ்சு விழுந்ததைப் பொறுக்கி அழிப்பதும், மரத்தடியில் சருகும் கொட்டையும் சேரவிடாமல் வைப்பதும் அதைக் குறைக்கின்றன. பண்ணையைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இரகத்தோடு கூடவே வரும் சிக்கல் அது.

இமாம்பசந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்டு வாங்கும் கன்று அதுதான். பழம் பெரியது, தோல் மெல்லியது, நார் இல்லை, சுவைக்கு இணை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழுத்தாலும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மஞ்சளாகும் என்று மரத்திலேயே விட்டுவைத்தால் அணிலுக்கும் பழ ஈக்கும்தான் போகும். காயின் தோள் காம்பைத் தாண்டி உப்பிய நிலையில் காம்போடு பறித்து, வைக்கோலில் வைத்து, மணத்தையும் விரலுக்கு இளகுவதையும் கொண்டுதான் பக்குவம் பார்க்க வேண்டும். காய்ப்பும் ஆண்டுதோறும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே ஒரு மாவுக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்கள் ஆசைக்காக இதை வாங்கிவிட்டு ஏமாறக் கூடாது. விற்கும்போது இந்த இரண்டையும் பண்ணையில் யாரும் சொல்லவில்லை. அதிகம் விற்கும் கன்றைப் பற்றி அதன் குணத்தையும் சேர்த்துச் சொல்வது விற்கிறவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

கொய்யா லக்னோ 49, அவர்களே போட்ட பதியன். நட்ட இரண்டாம் ஆண்டே காய்த்தது. இரகமும் சரியாக இருந்தது. புதுத் தளிரில்தான் கொய்யா பூக்கும் என்பதால், கிளை நுனிகளை வெட்டி விடுகிற ஒவ்வொரு முறையும் காய்ப்புக் கூடுகிறது. மழைக்காலத்துக் காயில் பழ ஈயின் புழு வரும். எலுமிச்சை அளவு வந்தவுடன் காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிட்டால் மருந்தில்லாமலே தப்பலாம்.

குறைகள் எல்லாம் தொடங்குவது, பண்ணை தானே உருவாக்காத கன்றுகளிடம்தான். மாவும் கொய்யாவும் அவர்களுடைய கைவேலை. மாதுளை, சப்போட்டா, சீத்தா போன்றவை வெளியூர்களிலிருந்து லாரியில் வந்து இறங்குபவை; அவற்றைப் பொறுத்தவரை இது ஒரு கடை மட்டுமே. பகவா என்று எழுதி விற்கப்பட்ட மாதுளை, காய்த்த பிறகு வெளிறிய தோலும் இளஞ்சிவப்பு முத்தும் கொண்டதாக இருந்தது. இரத்தச் சிவப்பு முத்து பகவாவின் அடையாளம், இதில் அது இல்லை. விதை மென்மையையும் முத்தின் நிறத்தையும் பார்க்கும்போது கணேஷ் இரகமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. தின்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேட்ட பொருள் அதுவன்று. அதைத் தெரிந்துகொள்வதற்குள் அந்த இடத்தில் வேறொரு மரம் வளர்ந்திருக்க வேண்டிய ஆண்டுகள் போய்விட்டன. இதைச் சொன்னபோது, "எங்களுக்கு வந்த லேபிளைத்தான் சார் நாங்க ஒட்டினோம்" என்று பதில் வந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தாங்கள் உத்தரவாதம் தர முடியாத பெயரை அட்டையில் எழுதி விற்பது சரியல்ல.

அந்த வெளியூர்க் கன்றுகளின் மண்ணும் ஒரு பிரச்சினை. பையை நீக்கினால் வேரைச் சுற்றி இருப்பது இறுகிய களிமண் கட்டி. அதை அப்படியே எங்கள் செம்மண் குழியில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிப் போய்விடும்; கட்டிக்குள் ஈரம் நுழையாது. குழி முழுக்க நனைந்திருக்க, கன்று மட்டும் வாடும். நடுவதற்கு முன் அந்தக் கட்டியைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, வேர் அறுபடாமல் வெளிப்புறக் களிமண்ணை மெதுவாக உதிர்த்துவிட்டு நட வேண்டும். மாங்கன்றுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை இந்த மண்ணிலேயே வளர்ந்தவை.

சப்போட்டா வெளியூர்க் கன்றாக இருந்தும் நல்லபடியாகவே வந்திருக்கிறது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 இரகம், மரம் அடக்கமாக வளர்வதால் வீட்டு மனைக்கு ஏற்றது. பாலா என்று சொல்லப்படும் காட்டுமரத்தின் நாற்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். அந்த அடிமரத்திலிருந்து வரும் தளிரை மாவில் போலவே இங்கும் விழிப்பாகக் கிள்ள வேண்டும். காய் முற்றியதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவர்கள், நகத்தால் தோலை இலேசாகச் சுரண்டிப் பார்க்கலாம்: உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் இன்னும் நாள் இருக்கிறது, உருளைக்கிழங்கின் நிறம் தெரிந்தால் பறிக்கலாம்.

கூடுதலாக விற்க முயலும் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்குப் போடும் மேசையருகே டானிக், குருணை, பூப்பிடிக்கும் மருந்து என்று பல புட்டிகள் இருக்கின்றன. கல்தார் என்ற மருந்தை ஊற்றினால் ஆண்டுதோறும் மா பூக்கும் என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். தோப்பு வைத்து விற்பனைக்கு விளைவிக்கிறவர்கள் அளவறிந்து அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. மரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற, மண்ணில் நெடுநாள் தங்குகிற அந்த மருந்தைப் பிள்ளைகள் விளையாடும் தோட்டத்தில், இன்னும் இளமரமாக இருக்கும் ஒன்றுக்கு ஊற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வேப்பம் பிண்ணாக்கும் மக்கிய எருவும் காலத்தில் செய்த கவாத்தும் வீட்டு மரத்துக்குப் போதும். பெரியவர் இதையெல்லாம் வற்புறுத்துவதில்லை, இளையவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

கன்றுகளை வண்டியில் ஏற்றும் முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஈரச் சாக்கில் வரிசையாக நிறுத்தி, ஒட்டுப் பகுதியில் கயிறு படாமல் கட்டிக் கொடுத்தார்கள். நட்ட சில வாரங்களில் நீலம் இரகத்துக் கன்று ஒன்றின் ஒட்டு கறுத்துக் காய்ந்தபோது, படத்தை அனுப்பியதும் மறு கேள்வி கேட்காமல் வேறு கன்று கொடுத்தார்கள்.

அரசுப் பண்ணைகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. இதே மாவட்டத்தில் ஜீனூர், திம்மாபுரம் ஆகிய இடங்களில் தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள் இருக்கின்றன. விலை துறை நிர்ணயித்தது. பையூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பையூர் 1 என்ற குட்டை இரகத்தை வெளியிட்டிருக்கிறது. நெருக்கி நடுவதற்கென்றே பரிந்துரைக்கப்படும் அந்த இரகம், சிறிய வீட்டு மனைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் போன பண்ணையில் அது இல்லை. கேட்டால், யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். கேட்கிறவர்கள் கூடினால் வைப்பார்கள் என்பதால், போகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தப் பண்ணைக்கு மாவுக்காகவும் கொய்யாவுக்காகவும் தயங்காமல் போகலாம். மாதுளை, சீத்தா வேண்டும் என்றால், அவற்றைத் தாங்களே உருவாக்கும் இடத்தையோ, தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பண்ணையையோ விசாரித்துப் போவது நல்லது. ஆடி பிறந்து முதல் மழைகள் விழுந்த பிறகு போனால், நட்ட கன்றுக்கு மழைக்காலம் முழுவதும் வேர் பிடிக்கக் கிடைக்கும். கிளம்புவதற்கு முன், பில்லில் வெறுமனே "பழக்கன்று" என்று எழுதித் தருவதை ஏற்காமல், ஒவ்வொரு கன்றின் இரகப் பெயரையும் எழுதி, இது தங்கள் தாய்மரத்துக் குச்சியா, வெளியிலிருந்து வந்ததா என்பதையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள். அந்தப் பில்லைக் காய் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.